ஒரு தட்டு, இரண்டு பக்கம், இரண்டாம் இடம்

லிவர்மோரைப் பற்றி நாலு விஷயம் சொல்லுங்கள் என்று நம்மவர்களைக் கேட்டால் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். சிவா-விஷ்ணு கோயில், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம், தீயணைப்பு நிலையத்தில் 1901லிருந்து எரிந்துகொண்டிருக்கும் பல்பு, மலைமேல் சுற்றும் காற்றாலைகள். இசையில் ஆர்வம் உள்ளவர்கள் ஐந்தாவதாக ஆல்டமான்ட்டைச் சேர்ப்பார்கள். 1969 டிசம்பர் 6ஆம் தேதி, நம்ம ஊருக்குக் கிழக்கே கார்ப் பந்தய மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரி. ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கூடினார்கள். அன்று நால்வர் இறந்தார்கள். அதில் ஒருவர் மேடைக்கு முன்னாலேயே கத்திக்குத்தில். அந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். படமாகவும் வந்துவிட்டது.

நான் சொல்ல வருவது அதே 1969ல் நடந்த இன்னொரு கதை. இதில் ரத்தம் கிடையாது. ஒரு சின்ன இசைத்தட்டு, அதன் முன்பக்கம், பின்பக்கம், அது ஏறிய பட்டியல், கடைசியில் அது யாருக்குச் சொந்தம் என்று நடந்த நீண்ட வழக்கு. பே ஏரியா பையன்கள் நாலு பேரின் கதை. பின்பக்கப் பாட்டில் வரும் ஊர், லிவர்மோரிலிருந்து ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி 580, 205, ஐந்தாம் எண் நெடுஞ்சாலை என்று பிடித்துப் போனால் சுமார் 50 மைலில் இருக்கிறது. ஊர் பெயர் லோடை.

ஒரு டாலர் தட்டு

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்யும்போது கராஜ் சேல் போட்டிருந்தார். ஒரு ஷூ பெட்டி நிறைய 45 ஆர்.பி.எம். தட்டுகள். ஒன்று ஒரு டாலர். ஏழு அங்குலம் அகலம், நடுவில் பெரிய ஓட்டை. என் மகள் அதை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல எத்தனை பாட்டு இருக்கும்?" என்று கேட்டாள். "ரெண்டு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு." "அவ்வளவுதானா?" என்றாள். ஃபோனில் கோடிக்கணக்கான பாட்டு வைத்திருக்கும் தலைமுறைக்கு இந்தக் கணக்கு புரிவது கஷ்டம்.

நான் எடுத்த தட்டில் ஃபேண்டசி ரெக்கார்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. எண் 622. முன்பக்கம் 'பேட் மூன் ரைசிங்'. பின்பக்கம் 'லோடை'. பாடியவர்கள் க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல், சுருக்கமாக சி.சி.ஆர். வெளியான மாதம் 1969 ஏப்ரல்.

ஒரு சுவாரசியமான ஒற்றுமை. அதே வருடம் மே 1ஆம் தேதி தமிழ்நாட்டில் 'அடிமைப் பெண்' வெளியானது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்ற இளைஞரின் குரலைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன 'ஆயிரம் நிலவே வா' அந்தப் படத்தில்தான். ஜூலையில் மனிதன் நிலாவில் இறங்கினான். அமெரிக்க ரேடியோவில் அந்த வசந்தம் முழுக்க ஒடிக்கொண்டிருந்ததும் நிலாப் பாட்டுத்தான், ஆனால் அது கெட்ட நிலா. புயலும் வெள்ளமும் வரப்போகிறது, வெளியே போகாதே என்று எச்சரிக்கிற பாட்டு. மெட்டு என்னவோ கல்யாண ஊர்வலத்துக்கு ஆடலாம் போல இருக்கும். இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. 1941ல் வந்த 'தி டெவில் அண்ட் டேனியல் வெப்ஸ்டர்' படத்தில் வரும் ஒரு சூறாவளிக் காட்சிதான் தூண்டுதல் என்று பாட்டை எழுதிய ஜான் ஃபோகர்ட்டி சொல்லியிருக்கிறார்.

எல் செரிட்டோ பையன்கள்

சி.சி.ஆர். பாட்டுகளை முதல் முறை கேட்பவர்கள் இவர்கள் லூசியானா சதுப்பு நிலத்தில் படகு ஓட்டி வளர்ந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். அப்படி எதுவும் இல்லை. பெர்க்லிக்கு வடக்கே இருக்கும் எல் செரிட்டோ. பார்ட் ரயிலில் ரிச்மண்ட் பக்கம் போனவர்களுக்கு அந்த நிலையத்தின் பெயர் தெரிந்திருக்கும். ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் க்ளிஃபர்ட் மூவரும் 1945ல் பிறந்தவர்கள், ஒரே பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள். 1959ல் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். ஜானின் அண்ணன் டாம் பிறகு சேர்ந்தார்.

1964ல் ஃபேண்டசியில் கையெழுத்துப் போட்டார்கள். குழுவுக்கு நிறுவனமே 'கோலிவாக்ஸ்' என்று ஒரு பெயர் வைத்தது. பையன்களுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்தப் பெயரில் சில வருடங்கள் ஓட்டினார்கள், பெரிதாக எதுவும் ஓடவில்லை. ஜானும் டக்கும் ராணுவச் சேவைக்கும் போய் வந்தார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1967ல் ஃபேண்டசி சால் ஜான்ட்ஸ் என்பவரின் கைக்கு வந்தது. பின்னாளில் 'அமடேயஸ்' போன்ற ஆஸ்கர் படங்களைத் தயாரித்தவர் இவர்தான். அந்த வருடக் கடைசியில் குழு தன் பெயரை க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் என்று மாற்றிக்கொண்டது. 1968ல் 'சூசி க்யூ' பில்போர்ட் பட்டியலில் 11ஆம் இடம். 1969ல் மட்டும் மூன்று ஆல்பம். மூன்று! நம்ம டீமில் வருடத்துக்கு ஒரு ரிலீஸ் போவதற்கே நாக்குத் தள்ளுகிறது.

'பேட் மூன் ரைசிங்', 'லோடை' இரண்டையும் 1969 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாலி ஹைடர் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். ஏப்ரலில் தட்டு கடைக்கு வந்துவிட்டது.

1969 ஜூன் 28

தட்டு மளமளவென்று ஏறியது. மே மாதக் கடைசியிலிருந்து அமெரிக்கப் பட்டியலின் உச்சியில் பீட்டில்ஸின் 'கெட் பேக்' ஐந்து வாரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஜூன் 28 வாரத்தில் ஒருவழியாக அது கீழே இறங்கியது. சி.சி.ஆர். அந்த வாரம் இரண்டாம் இடத்துக்கு வந்திருந்தார்கள். நாற்காலி காலி, போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதே வாரம் ஹென்றி மான்சினி முதலிடத்துக்கு வந்துவிட்டார். 'ரோமியோ ஜூலியட்' படத்தின் காதல் இசை. சொல்லே இல்லாத பியானோவும் வயலின்களும். நினோ ரோட்டா போட்ட மெட்டை மான்சினி தன் குழுவுக்காக அமைத்துக்கொண்டது. ராக் உலகம் கொழுந்துவிட்டு எரிந்த 1969ல், அப்பா அம்மாக்கள் விரும்பிக் கேட்கும் ஒரு வாத்திய இசை, நாலு இளைஞர்களை மறித்துவிட்டது. மான்சினி இரண்டு வாரம் இருந்தார். அடுத்து ஸேகர் அண்ட் எவன்ஸ் பாடிய 'இன் தி இயர் 2525' ஏறி ஆறு வாரம் இறங்கவில்லை. 'பேட் மூன் ரைசிங்' அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது.

கடல் தாண்டி இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே செப்டம்பரில் இதே தட்டு முதலிடத்துக்குப் போய் மூன்று வாரம் இருந்தது. சொந்த ஊரில் கிடைக்காத மாலை வெளியூரில் விழுந்தது.

ஐந்து முறை இரண்டு

இது ஒரு தடவை நடந்திருந்தால் அதிர்ஷ்டம் இல்லை என்று விட்டுவிடலாம். சி.சி.ஆருக்கு இது ஐந்து தடவை நடந்தது.

1969 மார்ச்சில் 'ப்ரவுட் மேரி' மூன்று வாரம் இரண்டாம் இடத்தில் இருந்தது. முதலில் மேலே இருந்தவர்கள் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன். அவர்களும் பே ஏரியாக்காரர்கள், ஸ்லை வளர்ந்தது வயேஹோவில். பிறகு டாமி ரோவின் 'டிஸ்ஸி' வந்து மறித்தது.

ஜூனில் 'பேட் மூன் ரைசிங்'. மறித்தவர் மான்சினி.

செப்டம்பரில் 'க்ரீன் ரிவர்'. இதுதான் இருப்பதிலேயே கொடுமை. மேலே இருந்தது ஆர்ச்சீஸின் 'ஷுகர் ஷுகர்'. ஆமாம், நாம் சின்ன வயதில் லெண்டிங் லைப்ரரியில் எடுத்துப் படித்த அதே ஆர்ச்சி, பெட்டி, வெரோனிகாதான். கார்ட்டூன் பாத்திரங்கள் பாடுவதாகப் போட்ட பாட்டு. ரத்தமும் சதையுமான ஒரு குழு, இல்லாத ஒரு குழுவிடம் தோற்றது.

1970 மார்ச்சில் 'ட்ராவலின் பேண்ட்'. மேலே சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்'. அக்டோபரில் 'லுக்கிங் அவுட் மை பேக் டோர்'. மேலே டயானா ராஸ்.

முதலிடமே பிடிக்காமல் அதிக முறை இரண்டாம் இடம் பிடித்த குழு என்ற சாதனை அமெரிக்காவில் இவர்களுக்குத்தான். இந்தப் பட்டியலை நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். காரணம், அதற்கு முந்தின வாரம்தான் மகள் ஒரு மனக்கணக்குப் போட்டியில் இரண்டாவதாக வந்திருந்தாள். ஊரிலிருந்து பாட்டி வீடியோ காலில் கேட்ட முதல் கேள்வி: "அப்போ ஃபர்ஸ்ட் யாரு வந்தா?" இந்தக் கேள்வி கேட்காத தமிழ்ப் பாட்டி உண்டா? எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுக்க "மான்சினி வந்தாரு பாட்டி" என்பதுதான் பதில்.

பட்டியல் எப்படிப் போட்டார்கள்?

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை சன் டிவியில் டாப் டென் பார்த்தவர்கள் நாம். எந்தப் படம் எத்தனாவது இடம் என்று சண்டை போட்டோமே தவிர, அந்த வரிசையை எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டதில்லை. நமக்கு முந்தின தலைமுறை இலங்கை வானொலியில் அமீன் சயானியின் பினாகா கீத் மாலா கேட்டது. இந்தித் திரைப்பாடல்களை இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் வாக்குகளையும் வைத்து அவர் வரிசைப்படுத்தினார். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அடியில் ஓடும் கணக்கு என்ன என்று நோண்டிப் பார்க்கத் தோன்றும்.

பில்போர்ட்டின் ஹாட் 100 ஆரம்பித்தது 1958 ஆகஸ்டில். இரண்டு விதமான தரவு. ஒன்று, கடைகள் தரும் விற்பனைத் தகவல். இன்னொன்று, ரேடியோ நிலையங்கள் எந்தப் பாட்டை ஒலிபரப்புகின்றன என்ற பட்டியல். இதில் கவனிக்க வேண்டியது, கடைக்காரர் இத்தனை தட்டு விற்றேன் என்று எண்ணிக்கை தருவதில்லை. இந்த வாரம் நன்றாகப் போனது எது, அடுத்தது எது என்று வரிசையாகச் சொல்வார். அதற்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். கடையில் பார்கோடை வைத்து உண்மையான எண்ணிக்கையை எடுப்பது 1991ல்தான் வந்தது. அதுவரை இந்தப் பட்டியல் ஓர் அளவீடு என்பதைவிட, நன்றாக ஒழுங்கு செய்த ஒரு மதிப்பீடு என்று சொல்வது பொருந்தும். முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. ஆயிரம் தட்டாக இருக்கலாம், நாலு கடைக்காரர்களின் அபிப்பிராயமாகவும் இருக்கலாம்.

இன்னொரு விதியும் உண்டு. நம்ம கதைக்கு அதுதான் முக்கியம். அன்று ஒரு தட்டின் இரண்டு பக்கத்தையும் பில்போர்ட் தனித்தனிப் பாட்டாகவே கணக்கிட்டது. சி.சி.ஆரின் பழக்கம் என்னவென்றால் பின்பக்கத்தையும் சும்மா விடமாட்டார்கள். மற்றவர்கள் பின்பக்கத்தில் ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்புவார்கள். இவர்கள் அங்கேயும் ஒரு நல்ல பாட்டை வைப்பார்கள். ரேடியோக்காரர்கள் சிலர் தட்டைத் திருப்பி 'லோடை'யைப் போட்டார்கள். அது தனியாக 52ஆம் இடம் வரை போனது. மக்கள் வாங்கியது ஒரே தட்டு. புள்ளிகள் இரண்டாகப் பிரிந்தன.

1969 நவம்பர் 29 முதல் பில்போர்ட் விதியை மாற்றியது. இரண்டு பக்கமும் ஓடினால் ஒரே இடமாகச் சேர்த்துக் காட்டுவது என்று முடிவானது. மாறிய அதே வாரம், பீட்டில்ஸின் 'கம் டுகெதர்' தட்டு, மறுபக்கமான 'சம்திங்'குடன் சேர்ந்து முதலிடத்துக்கு ஏறியது. இந்த விதி ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் சி.சி.ஆர். மான்சினியைத் தாண்டியிருப்பார்களா? அப்படியெல்லாம் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ரேங்க் என்பது உழைப்பால் மட்டும் வருவதில்லை, எண்ணும் விதியாலும் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும்போதும் இது ஞாபகம் இருந்தால் நல்லது.

பின்பக்கத்து ஊர்

இப்போது தட்டைத் திருப்புவோம்.

'லோடை' பாட்டின் கதை இது. பெரிய பாடகனாகும் கனவோடு ஒருத்தன் கிளம்புகிறான். ஊர் ஊராக வாசிக்கிறான். ஒரு சின்ன ஊரில் வந்து மாட்டிக்கொள்கிறான். குடித்துவிட்டுக் கவனிக்காத கூட்டத்துக்கு வாசிக்க வேண்டிய நிலை. திரும்பிப் போகக் கையில் காசில்லை. அவ்வளவுதான். அழுகையில்லை, ஆவேசமில்லை. எழுதும்போது ஃபோகர்ட்டிக்கு 24 வயதுகூட ஆகவில்லை. அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லையாம். பெயர் காதுக்கு நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டேன் என்று பிறகு சொல்லியிருக்கிறார். தோல்வியின் விலாசமாகத் தன் பெயர் நாடு முழுக்க ஒலிக்கும் என்று பாவம் அந்த ஊர் எதிர்பார்த்திருக்காது. உண்மையான லோடை ஜின்ஃபண்டெல் திராட்சைக்குப் பேர்போன அழகான ஊர். 1907ல் கட்டிய ஒரு வளைவு ஊர் நடுவில் இருக்கிறது. ஏ அண்ட் டபிள்யூ ரூட் பியர் முதலில் விற்பனைக்கு வந்ததும் அங்கேதான், 1919ல்.

இந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது வேலைக்குப் போகும் வழியில், 580ல் வண்டி நகராமல் நின்றபோது. மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்று நம்மில் பலருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டு க்ரீன் கார்டு மனுவின் முன்னுரிமைத் தேதி 2015. வேலை அடிப்படையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,40,000 அட்டைகள். அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. வரிசையில் நிற்கும் இந்தியர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு மாதமும் விசா புல்லட்டின் வந்ததும் பார்ப்பேன். அப்பா ஃபோனில் கேட்பார், "என்னடா, வரிசை நகர்ந்துச்சா?" "ரெண்டு வாரம் நகர்ந்திருக்குப்பா." "ஒரு மாசத்துக்கு ரெண்டு வாரமா? அப்போ எப்படா முடியும்?" கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை ஏமாற்ற முடியாது.

பாட்டில் வரும் ஆளுக்கும் எனக்கும் ஒப்பீடு போட்டால் சாமி கண்ணைக் குத்தும். எனக்கு வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை கோயிலில் புளியோதரை கிடைக்கிறது. ஆனால் வேலையை விட்டு வேறு ஏதாவது செய்து பார்க்கலாம் என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும் அந்த 2015 என்ற எண் குறுக்கே வந்து நிற்கிறது. அந்த அளவுக்குப் பாட்டு புரிகிறது.

லோடைக்குப் போகும் வழியில் ஸ்டாக்டன் வரும். அங்கே 1912ல் தொடங்கிய குருத்வாரா இருக்கிறது, அமெரிக்காவிலேயே முதலாவது. அதைக் கட்டிய பஞ்சாபி விவசாயிகள் நிலம் வாங்கச் சட்டம் தடையாக இருந்தது. குடியுரிமை கேட்கும் உரிமையே இந்தியர்களுக்கு 1946ல்தான் வந்தது. அப்போதும் புதிதாக வருகிறவர்களுக்கு வருடத்துக்கு 100 இடம். இந்தப் பள்ளத்தாக்கில் நம்மைவிட நீண்ட வரிசையில் நின்றவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பாட்டு யாருடையது?

பாட்டில் வந்தவன் மாட்டிக்கொண்டது ஓர் ஊரில். எழுதியவர் மாட்டிக்கொண்டது ஓர் ஒப்பந்தத்தில்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. சொல்லும் மெட்டும் ஒரு சொத்து. அதை ஸ்டூடியோவில் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. ஃபோகர்ட்டி இளம் வயதில் போட்ட கையெழுத்தால் இரண்டுமே ஃபேண்டசிக்குப் போயின. குழு 1972ல் கலைந்தது. பணப் பிரச்சினை, அண்ணன் தம்பிப் பிரச்சினை எல்லாம் உண்டு. அதற்குப் பிறகும் ஃபோகர்ட்டி அந்த நிறுவனத்துக்குப் பாட்டுத் தர வேண்டியிருந்தது. அதிலிருந்து விடுபட, பழைய தட்டுகளில் தனக்கு வர வேண்டிய ராயல்டியையே விட்டுக் கொடுத்தார். தான் எழுதிய பாட்டுகளை மேடையில் பாடவே மாட்டேன் என்று பல வருடம் வைராக்கியமாக இருந்தார். பாடினால் காசு அவர்களுக்குத்தானே போகும்!

1985ல் புது ஆல்பம் போட்டு ஜெயித்தார். அதில் இருந்த 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்' பாட்டு, 1970ல் வந்த 'ரன் த்ரூ தி ஜங்கிள்' பாட்டின் காப்பி என்று ஃபேண்டசி வழக்குப் போட்டது. இரண்டையும் எழுதியவர் ஃபோகர்ட்டிதான். தன்னையே காப்பியடித்தார் என்று வழக்கு! 1988ல் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் கிடாரோடு சாட்சிக் கூண்டில் ஏறி வாசித்துக் காட்டினார். ஜூரி அவர் பக்கம் நின்றது. வக்கீல் செலவைத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1994ல் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாக அவர் வாதத்தை ஏற்றார்கள். காப்புரிமை வழக்கில் ஜெயிப்பது வாதியோ பிரதிவாதியோ, செலவுத் தொகைக்கு ஒரே அளவுகோல்தான் என்பது இன்றும் சட்டக் கல்லூரிகளில் அவர் பெயரில்தான் படிக்கப்படுகிறது. பிறகு 13 லட்சம் டாலருக்கு மேல் அவருக்குக் கிடைத்தது.

இதைப் படிக்கும்போது நமக்கு இளையராஜா ஞாபகம் வராமல் இருக்காது. 2017 மார்ச்சில் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோதுதான் அந்த வக்கீல் நோட்டீஸ் வந்தது. டிக்கெட் வாங்கி வைத்திருந்த நாம் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நின்று வாட்ஸாப்பில் சண்டை போட்டோம். "ராஜா செய்தது சரி", "நண்பனுக்கே நோட்டீஸா" என்று. நல்ல வேளையாக 2019ல் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று இந்தியச் சட்டம் 2012ல் திருத்தப்பட்டது. அதற்கு முன்னால் கையெழுத்துப் போட்ட எத்தனையோ பேருக்கு அது தாமதமாக வந்த மழை.

நம் தொழிலுக்கும் இதில் செய்தி இருக்கிறது. வேலையில் சேரும் முதல் நாள் கையெழுத்துப் போடும் கத்தையில், நாம் எழுதும் கோடு கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு தாள் இருக்கும். கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டத்தின் 2870ஆம் பிரிவு நமக்கு ஒரு ஜன்னல் திறந்து வைத்திருக்கிறது. சொந்த நேரத்தில், கம்பெனியின் கருவியோ ரகசியமோ தொடாமல் செய்தது நமக்கே சொந்தம். ஆனால் அது கம்பெனியின் தொழிலோடு தொடர்புடையதாகவோ, அங்கே செய்த வேலையின் விளைவாகவோ இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்கள் தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளுக்காக ஒரு சின்ன எழுத்துப் பயிற்சிச் செயலி எழுத நினைத்தபோது, முதல் வரி எழுதுவதற்கு முன்னால் கம்பெனியிடம் கடிதம் கேட்டேன். வர மூன்று மாதம் ஆனது. ஹெச்1பியில் இருப்பதால் அதை விற்கவும் முடியாது, இலவசமாகத்தான் கொடுக்கிறேன். ஆனால் அது என்னுடையது என்று காகிதத்தில் இருக்கிறது. லேப்டாப் யாருடையது, எந்த நேரத்தில் எழுதினோம் என்று குறித்து வைப்பது பெரிய வேலை இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவது செய்துகொண்டிருக்கும் நண்பர்கள் தயவுசெய்து அந்தத் தாளை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள்.

எண்பது வயதில்

2004ல் ஃபேண்டசி கை மாறியது. புது உரிமையாளரான கான்கார்ட், ஃபோகர்ட்டிக்கு ராயல்டியைத் திரும்பத் தர ஆரம்பித்தது. 2023 ஜனவரியில் தன் பாட்டுகளின் பதிப்புரிமையில் பெரும்பங்கை அவர் விலை கொடுத்து வாங்கினார். தான் எழுதியதைத் தானே வாங்க அரை நூற்றாண்டு! பழைய ஒலிப்பதிவுகள் இன்னும் அவர் கையில் இல்லை. அதனால் 2025ல், எண்பதாவது வயதில், அதே பாட்டுகளைப் புதிதாகப் பாடிப் பதிந்து வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஜான்ஸ் வெர்ஷன்' என்று போட்டிருந்தது. டெய்லர் ஸ்விஃப்ட் தன் பாட்டுகளைத் திரும்பப் பாடிய கதை தெரிந்த நம் பெண்பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பட்டியல் விஷயத்துக்கு வருவோம். 1976ல் வந்த 'க்ரோனிக்கிள்' என்ற சி.சி.ஆர். தொகுப்பு, பில்போர்ட்டின் ஆல்பம் பட்டியலில் 500 வாரங்களுக்கு மேல் இருந்திருக்கிறது. 1969 ஜூன் 28ல் முதலிடம் பிடித்தது எது என்று ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு. இரண்டாவதாக வந்த பாட்டு இன்றும் பெட்ரோல் பங்கில், பேஸ்பால் மைதானத்தில், காஸ்ட்கோவில் கேட்கிறது. அதற்காக "இரண்டாம் இடம்தான் உசத்தி" என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஃபோகர்ட்டிக்கே அந்த ஐந்து தடவையும் வலித்துத்தான் இருக்கும். பாட்டியின் கேள்விக்கு என் மகளிடம் இன்னும் சரியான பதில் இல்லை.

அடுத்த முறை லிவர்மோர் கோயிலுக்கு வந்து, தரிசனம் முடித்து, கேண்டீனில் சாப்பிட்டு, மத்தியானம் என்ன செய்வது என்று யோசித்தால் கிழக்கே வண்டியைத் திருப்புங்கள். காற்றாலைகளைத் தாண்டும்போது 'பேட் மூன் ரைசிங்'. ஸ்டாக்டனில் குருத்வாராவில் நின்று லங்கரில் ஒரு ரொட்டி. லோடை வளைவு தெரியும்போது தட்டைத் திருப்புங்கள். சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம், பாட்டில் வந்தவனுக்குக் கிடைக்காத வசதி அது. திரும்பும்போது 205ல் நெரிசல் இருக்கும், நாலு மணிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள்.